தங்கை ஹூஸ்டனில், பாஸ்போர்ட் மாப்பிள்ளை கையில்: என்ன செய்யலாம்?

அல்சூர்_அண்ணன்
ஞாயிறு, இரவு 11.20

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, அதிகம் எழுதியதில்லை. இன்று வேறு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

என் தங்கை எம்.எஸ்சி. முடித்து ஒயிட்ஃபீல்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். 2022-இல் கோயம்புத்தூர் சம்பந்தம் அமைந்தது. மாப்பிள்ளை ஹூஸ்டன் பக்கம் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார், இவள் அவரைச் சார்ந்த எச்-4 என்கிற மனைவி விசாவில். குழந்தை அங்கேதான் பிறந்தது. இரண்டு வயது ஆகப்போகிறது.

வீட்டுக்கு வரும் வீடியோ கால் எல்லாம் ஸ்பீக்கரில்தான். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். போன வாரம் அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போன நேரம், தங்கை பேச்சோடு பேச்சாகக் கன்னடத்தில் சொன்னாள்: பாஸ்போர்ட் அவரிடம் இருக்கிறது, அடிக்கிறார், அம்மாவிடம் சொல்லாதே. நாங்கள் தெருவில் விளையாடிக் கற்ற கன்னடம், கோவைக்காரருக்குப் புரியாது. அடுத்த நொடியே தமிழில், "அதான்ண்ணா, இங்க பருப்பு நல்லா வேகறதே இல்ல" என்று சிரித்தாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அவள் பெயரில் பேங்க் கணக்கு இல்லை. போன் அவர் பிளானில் இருக்கிறது. கார் ஓட்டவும் விடவில்லை. எனக்குத் தோன்றுவது இரண்டு வழி. சம்பந்தி வீட்டுக்குப் போய் நேருக்கு நேர் கேட்பது, அல்லது டிக்கெட் போட்டு அவளையும் குழந்தையையும் பெங்களூருக்கே அழைத்து வந்துவிடுவது. எது சரி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்மனஹள்ளி_கார்த்தி
ஞாயிறு, இரவு 11.34

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? டிக்கெட் போடுங்கள் ப்ரோ. மற்றதை இங்கே வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

ஓய்வு_ஆசிரியர்
திங்கள், காலை 6.05

தம்பி, பதறாதீர்கள். கல்யாணம் ஆகிச் சில வருடம்தான் ஆகிறது, கைக்குழந்தை வேறு. பையனின் அப்பா அம்மாவிடம் பெரியவர்கள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். பெற்றவர்கள் சொன்னால் கேட்காத பிள்ளையும் உண்டா? போலீஸ், கோர்ட்டு என்று போய்விட்டால் அப்புறம் ஒட்டவே ஒட்டாது.

எடிசன்_ரிட்டர்ன்
திங்கள், காலை 7.50

தம்பி, கோயம்புத்தூருக்கு இப்போது தயவுசெய்து போகாதீர்கள். ஐயா நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் நீங்கள் சம்பந்தி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஹூஸ்டனுக்குப் போன் போய்விடும். அன்று ராத்திரி அந்த வீட்டில் உங்கள் தங்கையும் குழந்தையும் மட்டும்தான் அவரோடு இருப்பார்கள். அவள் கன்னடத்தில் பேசித் தப்பிக்கும் வழியும் அதோடு அடைபடும்.

நான் நியூ ஜெர்சியில் பல வருடம் இருந்துவிட்டுப் பனசவாடிக்குத் திரும்பியவள். அங்கே இப்படிப்பட்ட பெண்களுக்கு மொழிபெயர்க்கவும், கோர்ட்டுக்குத் துணையாகவும் போயிருக்கிறேன். வக்கீல் இல்லை. பார்த்ததையும் கற்றதையும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

முதலில் அந்த பாஸ்போர்ட். அது அவர் சொத்து இல்லை, சொல்லப்போனால் உங்கள் தங்கையின் சொத்தும் இல்லை. 1967 பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி இந்தியப் பாஸ்போர்ட் இந்திய அரசுக்குச் சொந்தம். கணவன் பூட்டி வைத்தால் அவள் கையைக் கட்டிப்போட்டதாக ஆகாது. உள்ளூர்ப் போலீஸில் புகார் கொடுத்து, அந்த அறிக்கையோடு விண்ணப்பித்தால் மாற்றுப் பாஸ்போர்ட் கிடைக்கும். ஹூஸ்டனிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. உங்களிடம் பழைய ஜெராக்ஸ் இருந்தால் எடுத்து வையுங்கள். அந்த நம்பர் தெரிந்தால் ஐ-94 என்கிற குடியேற்றப் பதிவை அவளே இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். அங்கே எத்தனை நாள் தங்கலாம் என்பதை முடிவு செய்வது அந்த ஐ-94தான், பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா இல்லை.

அடுத்தது எச்-4. அவருடைய எச்-1பி இருக்கிற வரைக்கும், கல்யாணம் இருக்கிற வரைக்கும்தான் இவளுக்கு அந்த நாட்டில் இடம். விவாகரத்து ஆனால் அதுவும் போகும். வேலை செய்யும் அனுமதி 2015-இலிருந்து சில எச்-4 மனைவிகளுக்குத்தான் உண்டு, கணவனின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டம் தாண்டியிருக்க வேண்டும். அடிக்கிற ஆண்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். "போலீஸைக் கூப்பிடு, என் வேலை போகும், நாளைக்கே உன்னை நாடு கடத்துவார்கள், குழந்தை இங்கேயே இருக்கும்" என்பார்கள். நான் துணை போன பெண்கள் எல்லோருமே இதை ஏறக்குறைய இதே வார்த்தைகளில் கேட்டவர்கள்.

அதில் பாதி உண்மை, பாதி பொய். விசா அவர் வேலையோடு கட்டப்பட்டிருப்பது உண்மை. அவளுக்கு வேறு வழியே இல்லை என்பது பொய்.

அடி வாங்கும் எச்-4 மனைவி கணவனின் கையெழுத்து இல்லாமலே தன் பெயரில் வேலை அனுமதி கேட்கலாம். ஐ-765வி என்று ஒரு படிவம் இருக்கிறது. பல பேருக்கு, சில வக்கீல்களுக்கே, இது தெரியாது. யூ விசா இன்னொரு வழி. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. குற்றத்துக்கு ஆளாகி, விசாரணைக்கு உதவியவர்களுக்கானது, வீட்டு வன்முறையும் அந்தக் குற்றப் பட்டியலில் இருக்கிறது. போலீஸோ அரசு வழக்கறிஞரோ நீதிபதியோ ஒரு சான்றில் கையெழுத்துப் போட வேண்டும். வருடத்துக்கு 10,000 பேருக்குத்தான் தருகிறார்கள், அதனால் வருடக்கணக்கில் வரிசை. ஆனால் 2021-இலிருந்து, மனு உண்மையானது என்று முதல் கட்டத்தில் தெரிந்தாலே வேலை அனுமதி கொடுக்கிறார்கள்.

1994-இல் வந்த வாவா, அதாவது பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டத்தைப் பற்றி யாராவது சொல்வார்கள். அடி வாங்கிய மனைவி தானே கிரீன் கார்டு கேட்க அது வழிவிடும். அது கணவன் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரனாகவோ இருந்தால்தான். எச்-1பி-காரரின் மனைவிக்குப் பொருந்தாது. இதில்தான் நம் பெண்கள் ஏமாந்துபோகிறார்கள். கணவன் அமெரிக்கனாக இருந்தால் ஒரு கதவு அகலத் திறந்திருக்கும். அவனும் விசாவில் வந்தவனாக இருந்தால் ஜன்னல் வழியாகத்தான் ஏற வேண்டும். நியாயமே இல்லை, ஆனால் சட்டம் இன்றைக்கு அப்படித்தான் இருக்கிறது.

இதையெல்லாம் நீங்கள் படித்து அவளுக்கு விளக்க வேண்டாம். அவளை அங்கே இருக்கிறவர்களோடு சேர்த்துவிடுங்கள். ஹூஸ்டனில் தயா என்ற அமைப்பு தெற்காசியப் பெண்களுக்காகவே இருக்கிறது. தாஹிரி ஜஸ்டிஸ் சென்டர் 1997-இல் தொடங்கியது, ஹூஸ்டனிலும் அலுவலகம் உண்டு, குடியேறிய பெண்களுக்கு இலவசமாக வழக்கு நடத்துகிறார்கள். மற்ற ஊர்களில் இருப்பவர்களுக்காகவும் சொல்கிறேன்: நியூ ஜெர்சியில் மானவி 1985-இலிருந்து, நியூயார்க்கில் சகி 1989-இலிருந்து, கலிஃபோர்னியா வளைகுடாப் பகுதியில் மைத்ரி 1991-இலிருந்து. நாடு முழுவதற்குமான எண் 1-800-799-7233, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். "விசா கன்சல்டன்ட்" என்று போர்டு மாட்டியிருப்பவரிடம் மட்டும் போகவே கூடாது. குடியேற்ற விஷயத்தில் வக்கீலோ அரசு அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியோதான் ஆலோசனை சொல்லலாம்.

இன்னொன்று. போலீஸ் வீட்டுக்கு வந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அவள் கேட்க வேண்டும். அவளுக்கு ஆங்கிலம் தெரிந்தாலும் கேட்கட்டும். ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெண்ணின் புருவத்துக்கு மேல் வீங்கியிருக்கிறது. குழந்தை அழுகிறது. இரண்டு போலீஸ்காரர்கள் வாசலில். கணவன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, அமைதியாக, அருமையான ஆங்கிலத்தில், "பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு மனநிலை சரியில்லை, தானே மோதிக்கொள்கிறாள்" என்கிறான். அவள் பயத்தில் வார்த்தை வராமல் கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள். அவன் முன்கையில் அவளுடைய நகக்கீறல். பார்க்கிறவருக்கு யார் யாரை அடித்த மாதிரி இருக்கும்? போனில் ஒரு தமிழ்க் குரல் கிடைத்த பிறகுதான் அவள் முழு வாக்கியமாகப் பேசினாள்.

உங்கள் இரண்டு வழியில் எது சரி என்று கேட்டீர்கள். அதை அவளிடம்தான் கேட்க வேண்டும் தம்பி. அவள் இன்னும் வரவேண்டும் என்று சொல்லவில்லை. என்ன வேண்டும் என்று சொல்லும் அளவுக்குக்கூட அவளுக்கு இன்னும் அவகாசம் கிடைக்கவில்லை.

கம்மனஹள்ளி_கார்த்தி
திங்கள், காலை 9.15

அக்கா, சரி. ஆனால் இவ்வளவு படிவம், வரிசை, வருடக்கணக்கு எல்லாம் எதற்கு? அப்பா அம்மா இங்கே இருக்கிறார்கள், படிப்பு இருக்கிறது, பெங்களூரில் வேலை கிடைக்கும். வந்துவிட்டால் முடிந்தது இல்லையா?

குடும்பநல_வக்கீல்
திங்கள், காலை 10.40

முடியாது கார்த்தி. குழந்தை இருக்கிறதே.

நான் இங்கே குடும்பநல நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறேன். அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்கு வந்துவிட்ட வழக்குகள் வருகின்றன. குழந்தை எந்த மாநிலத்தில் கடைசி ஆறு மாதம் வாழ்ந்ததோ அந்த மாநில நீதிமன்றத்துக்குத்தான் குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய முதல் அதிகாரம் என்பது அமெரிக்க நிலை. அப்பாவுக்குத் தெரியாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோனால் அங்கே கடத்தல் குற்றமாகவே பதிவாகலாம், 1993-இலிருந்து அதற்கென்று மத்தியச் சட்டம் இருக்கிறது. குழந்தை கடத்தல் பற்றிய 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை, அதனால் இங்கே பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். நம் நீதிமன்றங்கள் குழந்தையின் நலனைத்தான் முதலில் பார்க்கின்றன, 2017-இல் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாகவே சொன்னது. ஆனால் அதே உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில், அமெரிக்க நீதிமன்ற உத்தரவை மீறிக் குழந்தையோடு இந்தியா வந்த ஒரு தாயை, குழந்தையைத் திரும்பக் கொண்டுபோகச் சொன்னது. எந்தப் பக்கம் விழும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

இன்னும் கேளுங்கள். அவசரத்தில் வந்துவிட்டால், அடி வாங்கியவள் குழந்தையைத் திருடியவளாக ஆகிவிடுகிறாள், அடித்தவன் அங்கே போய்க் கண்ணீர் விடுகிறான். இதை நான் கோப்புகளில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு ஆறுவதில்லை.

அதனால் வரிசை முக்கியம். முதலில் அவள் பாதுகாப்பு. அவர் அவளை நெருங்கக் கூடாது என்று அங்கே நீதிமன்றத்திலேயே பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். டெக்சாஸில் அதைக் கேட்பவரிடம் கட்டணம் வசூலிப்பதில்லை, குடியுரிமை என்ன என்பதும் நிபந்தனை இல்லை. குழந்தை தற்காலிகமாக யாரிடம் இருக்கும் என்று அந்த உத்தரவிலேயே கேட்கலாம். இந்தியாவுக்கு வர விரும்பினால் அந்த நீதிமன்றத்திடமே அனுமதி கேட்கட்டும். நேரம் பிடிக்கும், ஆனால் அப்படி வந்தால் யாரும் துரத்த முடியாது.

அவர் முந்திக்கொண்டு அங்கே விவாகரத்து போட்டால் நோட்டீஸைக் கிடப்பில் போடாதீர்கள். "1991-லேயே உச்ச நீதிமன்றம் வெளிநாட்டு விவாகரத்து செல்லாது என்று சொல்லிவிட்டது" என்று ஊரில் பேசுவார்கள். இந்துத் திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணத்துக்கு அந்தத் தீர்ப்பு பெரிய பாதுகாப்புதான். ஆனால் குழந்தை டெக்சாஸில் இருக்கிறது, அவர் சம்பளமும் டெக்சாஸில் இருக்கிறது. அவற்றை முடிவு செய்யப்போவது அந்த ஊர் நீதிபதி.

ஸ்ரீராம்புரம்_வாசகி
திங்கள், மதியம் 1.30

இந்த இழையைக் காலையிலிருந்து திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். சரி, எழுதிவிடுகிறேன்.

எனக்கு நடந்தது லண்டனில். அடி, திட்டு, ஃபிரிட்ஜுக்குப் பூட்டு. அதை விடுங்கள். 2019-இல் அவர் தம்பி கல்யாணம் என்று இந்தியா வந்தோம். என்னைப் பெங்களூரில் அப்பா வீட்டில் விட்டுவிட்டு, "ரெண்டு நாள் கோயம்பேடு பக்கம் வேலை இருக்கு" என்று போனார். ஹேண்ட்பேக்கில் எல்லாம் இருந்தது. லிப்ஸ்டிக், குழந்தைக்கு வாங்கிய சாக்லேட், ரயில் டிக்கெட்டு. பாஸ்போர்ட்டும் பிரிட்டிஷ் குடியிருப்பு அட்டையும் வைத்திருந்த சின்னப் பை மட்டும் இல்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. அவர் அதற்குள் விமானம் ஏறிவிட்டார் என்று அவருடைய அத்தை சொல்லித்தான் தெரியும்.

இப்படி மனைவியை ஊரில் தள்ளிவிட்டுப் போவது நிறைய நடக்கிறது. பிரிட்டனில் இப்போது விதி மாறியிருக்கிறது. பிரிட்டிஷ் குடிமகனோ நிரந்தரக் குடியிருப்பு உள்ளவனோ மனைவியை இப்படி வெளிநாட்டில் கைவிட்டால், அவள் இங்கிருந்தே திரும்பிப் போக விண்ணப்பிக்கலாம். 2024 ஜனவரி கடைசியிலிருந்து. எனக்கு அப்போது அது இல்லை. இப்போது யாருக்காவது இப்படி நடந்தால், அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அண்ணா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் திரும்பி வந்த பிறகு எல்லோரும் ஆலோசனை சொன்னார்கள். என்ன நடந்தது என்று மறுபடி மறுபடி சொல்ல வைத்தார்கள். "அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா" என்றார்கள். உதவி செய்தது யார் தெரியுமா? எங்கள் மேல்வீட்டு அத்தை. ஒன்றும் கேட்கவில்லை. கோரமங்களா பாஸ்போர்ட் ஆபீஸுக்கு என்னோடு வந்து நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். டோக்கன் வரும் வரை என் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். புகார் எழுதிக்கொள்ள மறுத்த ஸ்டேஷனுக்கும் மறுபடி கூட வந்தார்.

உங்கள் தங்கை பேசும்போது அழாதீர்கள். கோபப்படாதீர்கள். நீங்கள் கோபப்பட்டால் அவள் அடுத்த முறை சொல்ல மாட்டாள்.

நடுநிலை_79
திங்கள், மாலை 4.10

ஒரு பக்கக் கதையைக் கேட்டுவிட்டு அந்தப் பையனுக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். வரதட்சணைப் பொய் வழக்குகளால் எத்தனை குடும்பம் சீரழிகிறது தெரியுமா?

எடிசன்_ரிட்டர்ன்
திங்கள், மாலை 4.45

அவருக்கு இங்கே யாரும் தண்டனை கேட்கவில்லை சார். ஒரு பெண்ணின் பாஸ்போர்ட் அவள் கையில் இருக்க வேண்டும், அவள் தன் அண்ணனோடு தனியாகப் பேச முடிய வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறோம். இதில் எந்த அப்பாவிக்கு என்ன நஷ்டம்? தப்பே செய்யாதவர் என்றால் இன்று ராத்திரியே பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்துவிடலாம்.

டேவிஸ்ரோடு_சகோதரி
திங்கள், இரவு 8.20

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேனோ தெரியவில்லை. பாஸ்போர்ட் என்றதும் எழுதத் தோன்றியது.

எங்கள் பக்கம், லிங்கராஜபுரம், டேவிஸ் ரோடு, அந்தப் பக்கம் கோலார் தங்கவயல் வரைக்கும், நம் பெண்கள் வீட்டு வேலைக்குக் குவைத், ஓமன் என்று போகிறார்கள். அமெரிக்காவுக்குப் போகிற பெண்ணுக்காக வக்கீல்கூடப் பேசுவார், இவர்களுக்காகப் பேச ஆள் குறைவு. சர்ச்சில் நாங்கள் சில பேர் அந்த வீடுகளுக்குப் போய் வருகிறோம்.

எப்படி நடக்கிறது என்றால், பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் வளைகுடா நாடுகளுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவை என்று இருக்கும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். 2016-இலிருந்து அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்றும் விதி இருக்கிறது, தமிழ்நாட்டில் அதற்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. ஏஜென்ட் இது எதற்கும் போக மாட்டார். விசிட் விசா எடுப்பார். "ஏர்போர்ட்ல கேட்டா அக்காவைப் பார்க்கப் போறேன்னு சொல்லு" என்று சொல்லிக் கொடுப்பார். பெண் இறங்கியதும் பாஸ்போர்ட் முதலாளியம்மா கைக்குப் போகும். சம்பளத்தைக் கேட்டால், "உன்னை வாங்க ஏஜென்டுக்கு இவ்வளவு கொடுத்தேன், அதைக் கட்டிவிட்டுப் போ" என்பார்கள். தப்பித்து வெளியே வந்தால் ஓடிப்போனவள் என்று அவள் மேலேயே புகார்.

குவைத்தில் 2015-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். வீட்டு வேலைக்காரர்களின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு, ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. சட்டம் இருப்பது அந்த மூன்றாம் மாடி அடுக்களைக்குத் தெரிந்தால்தானே.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் பாத்ரூமிலிருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள், குழாயைத் திறந்துவிட்டு. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் குரலைத் தேடிக் கேட்க வேண்டியிருந்தது. அவள் புருஷனை உட்கார வைத்து, வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) என்ற புகார் இணையதளத்தில் மனு போட்டோம். பாஸ்போர்ட் நகல், முதலாளி போன் நம்பர், வீடு இருக்கும் பகுதி, ஏஜென்ட் பெயர் எல்லாவற்றையும் ஏற்றினோம். தூதரகத் தங்குமிடத்துக்கு அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

திரும்பி வந்த பிறகு வேறு கஷ்டம். மகளிர் சங்கத்துக் கடன் அப்படியே நிற்கிறது. புருஷன் வேறு மாதிரி பார்க்கிறான். தெருவில் ஒரு பேச்சு. மீட்பு என்று பேப்பரில் படம் வரும், இதற்குப் படம் வராது.

குடும்பநல_வக்கீல்
திங்கள், இரவு 9.05

சகோதரி, நீங்கள் தலைப்பில்தான் இருக்கிறீர்கள்.

அது ஆட்கடத்தல் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 370, 2024 ஜூலை 1 முதல் நடந்ததற்குப் பாரதிய நியாய சன்ஹிதா 143. ஏமாற்றியோ ஆசைகாட்டியோ சுரண்டலுக்கு ஆள் அனுப்பினால் போதும். "அவளே சம்மதித்துத்தான் போனாள்" என்று ஏஜென்ட் சொல்வது எடுபடாது, பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டில்லை என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. பதிவில்லாமல் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவது 1983 குடிபெயர்வுச் சட்டப்படி தனிக் குற்றம். பதிவு உள்ள ஏஜென்டும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. பதிவு உண்டா என்று வெளியுறவுத் துறையின் இமைக்ரேட் இணையதளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று அந்தப் பெண்கள் பின்வாங்க வேண்டாம். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கும், கடத்தலுக்கு ஆளானவர்களுக்கும் இலவச சட்ட உதவி. வருமானச் சான்று கேட்கக் கூடாது. 15100 என்ற எண்ணைக் கூப்பிடலாம், இல்லையென்றால் ஹெச். சித்தையா ரோட்டில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும் நியாய தேகுலா கட்டடத்துக்கு நேரே வரச்சொல்லுங்கள். தமிழில் பேசினாலே போதும், நாங்கள் இருக்கிறோம்.

ஓய்வு_ஆசிரியர்
செவ்வாய், காலை 6.20

எல்லாவற்றையும் படித்தேன். பெரியவர்கள் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு என்றே இன்னமும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெண் பத்திரமான இடத்துக்குப் போன பிறகு பேசலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். சொந்த மனைவியையே வீட்டு வேலைக்கென்று அடைத்து வைத்தால் அதுவும் கடத்தலா?

எடிசன்_ரிட்டர்ன்
செவ்வாய், காலை 8.00

நல்ல கேள்வி ஐயா. சில சமயம் ஆகும். கல்யாணம் என்று அழைத்துப்போய், மிரட்டியும் கட்டாயப்படுத்தியும் வேலை வாங்கினால், அமெரிக்கச் சட்டம் அதைக் கட்டாய உழைப்பாகப் பார்க்கும். கணவன் என்பதால் விலக்கு இல்லை. மாமியார் மாமனார், நாத்தனார் குழந்தைகள் என்று ஒரு வீட்டுக்கே சமைத்துத் துவைத்து, வெளியே போகக் கூடாது, பாஸ்போர்ட் பூட்டில் என்று இருந்த ஒரு பெண்ணை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்களுக்கு டி விசா உண்டு. வருடத்துக்கு 5,000 வரை. யூ விசா மாதிரி போலீஸ் சான்று கட்டாயமில்லை. கடத்தலுக்கென்று தனி உதவி எண்ணும் இருக்கிறது: 1-888-373-7888. யூ, டி, வாவா எதில் மனு போட்டாலும் அதை அடித்தவனிடம் சொல்லக் கூடாது என்று குடியேற்றத் துறைக்கே சட்டத்தில் தடை. பெண்கள் இதை நம்பவே மாட்டார்கள், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

ஆனால் எல்லா அடியையும் கடத்தல் என்று எழுதிவிடக் கூடாது. எது பொருந்தும் என்று அவள் முழுக் கதையையும் கேட்ட வக்கீல்தான் சொல்ல முடியும்.

அல்சூர்_அண்ணன்
வெள்ளி, இரவு 10.15

எல்லோருக்கும் நன்றி. விவரமாக எழுத முடியாது, கொஞ்சம் மட்டும் சொல்கிறேன்.

குழந்தைக்குத் தடுப்பூசி போட டாக்டரிடம் போகும்போது அவர் கார் பார்க்கிங்கிலேயே போனில் இருப்பாராம். உள்ளே நர்ஸிடம் தங்கை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவர்கள் ஆஸ்பத்திரிப் போனிலிருந்தே உதவி எண்ணைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதே போனிலிருந்து என்னிடமும் பேசினாள். வாசகி சொன்னது போலவே கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். "உனக்கு என்ன வேணும்மா?" என்றேன். இந்தியா வர விருப்பமில்லை என்றாள். குழந்தையோடு அங்கேயே தனியாக இருந்து வேலைக்குப் போக வேண்டும், அதுதான் வேண்டும் என்றாள். நான் நினைத்ததே வேறு. சரி என்று சொல்லிவிட்டேன்.

இப்போது பாதுகாப்பான இடத்தில் இருக்கிறாள். தங்குமிடத்தில் விசா என்ன என்று யாரும் கேட்கவில்லையாம். வக்கீல் கேட்ட காகிதங்களைத் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணப் பதிவுச் சான்று, பழைய பாஸ்போர்ட் நகல், டிகிரி, ஒயிட்ஃபீல்டு வேலைச் சான்று எல்லாம் கிடைத்துவிட்டன. அம்மாவிடம் சொல்லிவிட்டோம்.

வக்கீல் அக்காவிடம் ஒரு கேள்வி. நகை முழுவதும் கோயம்புத்தூரில் சம்பந்தி வீட்டு லாக்கரில் இருக்கிறது. அவள் அங்கே இருந்துகொண்டே கேட்க முடியுமா?

குடும்பநல_வக்கீல்
வெள்ளி, இரவு 11.00

முடியும். அந்த நகை சீதனம், அவளுடையது, வேறு யாருடையதும் இல்லை. உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. 2005 குடும்ப வன்முறைச் சட்டம் 12-ஆம் பிரிவில் அவள் சார்பில் வேறொருவர் மனு போடலாம், 19-ஆம் பிரிவில் சீதனத்தைத் திருப்பித் தரச்சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மாமியார் மாமனார் இருப்பது கோயம்புத்தூர் என்பதால் அங்கேயே போடுவது சுலபம். அங்கே எனக்குத் தெரிந்த வக்கீலிடம் சொல்கிறேன்.

ஆனால் டெக்சாஸ் பாதுகாப்பு உத்தரவு அவள் கைக்கு வரும் வரை லாக்கரைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாதீர்கள். அதுவரைக்கும் பட்டியலைத் தயார் செய்யுங்கள். நகைக்கடைப் பில், கல்யாண ஆல்பம், வளைகாப்புப் படங்கள் மூன்றையும் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு நகைக்கும் நேரே எடை, யார் போட்டது, எந்தப் படத்தில் தெரிகிறது என்று எழுதுங்கள். பில் இல்லாத நகைக்கு அம்மாவையும் அத்தையையும் உட்கார வைத்துக் கேளுங்கள், எந்த வளையல் யார் செய்து போட்டது என்று அவர்களுக்குத்தான் நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் ஆபீஸுக்கு வாருங்கள். விலாசம் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.